பட்டன் போனிலிருந்து டச் போனுக்கு மாற்றும்போது

பட்டன் போனை மாற்றித் தரும் வேலையைப் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். புதுப் பெட்டியைப் பிரித்ததும் சிம்மைக் கழற்றி மாட்டி, வாட்ஸ்அப்பை ஏற்றி, பேரன் படத்தை முகப்பில் வைத்து முடித்த பிறகுதான் "என் நம்பரெல்லாம் எங்கே?" என்று பெரியவர் கேட்கிறார். அதற்குள் பழைய சிம் இரண்டு துண்டாகிக் கடைக்காரர் குப்பைக்கூடையில் கிடக்கும்.

வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் பெயர்கள், அடுத்து சிம், பிறகு போனை எடுப்பதும் வைப்பதும், அதற்குப் பின் எழுத்து. பணம் அனுப்பும் செயலி எல்லாவற்றுக்கும் கடைசி. மொத்தம் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே மாலையில் முடியாது என்பதற்குக் காரணம் சிம் பகுதியில் வருகிறது.

இங்கே எடுத்துக்கொண்டது ஊரில் சாதாரணமாகப் பார்க்கிற நிலைமை: நோக்கியா வகைப் பட்டன் போன், பெரிய அளவு சிம், 300 பெயர் அளவில் சேமிப்பு, போகப்போவது ஒரு ஆண்ட்ராய்டு போனுக்கு.

பெயர்களை முதலில் வெளியே எடுப்பது

பழைய போனில் பெயர்ப் பட்டியலின் நினைவக நிலையைத் திறந்து, போனில் எத்தனை, சிம்மில் எத்தனை என்று இரண்டு எண்ணையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சரிபார்க்க இந்தக் காகிதம்தான் கணக்கு.

எல்லோரும் முதலில் செய்வது, போனில் இருப்பதையெல்லாம் சிம்முக்கு நகலெடுத்து, சிம்மைப் புது போனில் போடுவது. செய்யலாம், ஆனால் சிம் ஒரு குறுகலான டப்பா. பெரும்பாலான சிம்மில் 250 பெயர்தான் நிற்கும். ஒரு பெயருக்கு ஒரு எண்தான். இரண்டு எண் வைத்திருந்த தம்பி இரண்டு தம்பியாகிவிடுவார். அதைவிட மோசம் பெயரின் நீளம். பெயருக்கு 18 பைட் (சேமிப்பிடத்தை அளக்கும் சின்ன அலகு) இடம் உள்ள சிம்மில் ஆங்கில எழுத்து 18 அடங்கும்; தமிழில் எழுத்துக்கு 2 பைட் வீதம் போனால், எழுத்து வகையைக் காட்டும் குறியீட்டுக்கு ஒரு பைட் கழித்து, 8 குறிகள்தான். முருகேசன் என்பதை எண்ணிப் பாருங்கள்: ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ஏகாரக் குறி, ச, ன, புள்ளி. ஒன்பது. கடைசிப் புள்ளி வெளியே விழுந்து "முருகேசன" என்று நிற்கும். "முருகேசன் எலக்ட்ரீஷியன்", "முருகேசன் பால்" இரண்டும் ஒரே மொட்டைப் பெயராகிவிட்டால் யார் யார் என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் ப்ளூடூத் இருந்தால் அதுவே நல்ல வழி. பழைய போனில் பெயர்களை மொத்தமாகக் குறித்து ப்ளூடூத்தில் அனுப்பும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லாத போனில் ஒவ்வொரு பெயராக அனுப்ப வேண்டியிருக்கும். டச் போனில் வந்து சேரும் கோப்பைத் தொட்டால் காண்டாக்ட் செயலி திறந்து எந்தக் கணக்கில் சேமிக்க என்று கேட்கும். இங்கே போனைப் பயன்படுத்தப் போகிறவரின் கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். போன் நினைவகம் என்று விட்டால், அடுத்த முறை போன் தண்ணீரில் விழும்போது எல்லாம் போய்விடும்.

ப்ளூடூத்தில் வந்த தமிழ்ப் பெயர்கள் சில நேரம் சமக்குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட சங்கிலியாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. பழைய போன் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் மூன்று பைட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முன்னும் சமக்குறி போட்டு எழுதியிருக்கிறது. படிக்கும் செயலி அதைத் திருப்பிக் கூட்டவில்லை, அவ்வளவுதான். அதே கோப்பைக் கணினியில் கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்தில் ஏற்றிப் பாருங்கள். பல நேரம் நேராகிவிடும்.

ப்ளூடூத் இல்லாத மாடல் என்றால் சிம் வழிதான். 250-க்கு மேல் இருந்தால் இரண்டு தவணை: முதல் 250-ஐ சிம்மில் ஏற்றிப் புது போனில் இறக்கி, சிம்மைக் காலி செய்து, மிச்சத்தை ஏற்றுங்கள். சிம் புது போனின் தட்டில் நுழையாத அளவு என்றால், நுழைகிற வேறொரு பழைய ஆண்ட்ராய்டு போனை இடையில் கடன் வாங்கலாம். நூறு பெயருக்குள் இருந்தால் இத்தனை பாடு வேண்டாம். ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்தால் ஒரு மணி நேர வேலை. செத்துப்போன எண்களும் அப்போதே கழிந்துவிடும்.

கூகுள் கணக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. அவசரத்துக்கு மகனோ மகளோ தங்கள் கணக்கையே அம்மாவின் போனில் போட்டுவிடுவார்கள். மறுநாள் மகனின் அலுவலகத் தொடர்புகள் 800 பேரும் அம்மாவின் பட்டியலில் இருப்பார்கள். அம்மா தெரியாமல் நீக்கியது மகனின் போனிலும் காணாமல் போகும். தனிக் கணக்கே போடுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். போனை ரீசெட் செய்தால் பழைய கணக்கின் கடவுச்சொல்லையோ பழைய திரைப்பூட்டையோ கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். அப்போது அந்தத் தாள்தான் சாவி.

சிம்

பழைய பெரிய சிம் 25 × 15 மி.மீ. இப்போதைய நானோ 12.3 × 8.8 மி.மீ. வெட்டும் கருவியில் வைத்து அமுக்கித் தருகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. அளவு சரியாக வந்தாலும் தடிமன் சரியாக வராது: பழையது 0.76 மி.மீ., நானோ 0.67 மி.மீ. அந்த 0.09 மி.மீ. வித்தியாசம்தான் தட்டை உள்ளே இறுக்கிப் பிடித்து, வெளியே இழுக்கும்போது பின்களைப் பெயர்க்கிறது. ரொம்பப் பழைய சிம்மில் தங்க நிறத் தகடே நானோ அளவைவிடப் பெரிதாக இருக்கும். வெட்டினால் சிம்மே போய்விடும். ஆதாரை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போய் மாற்றிக்கொள்வதே மேல்.

மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் மோசடியைத் தடுக்க வைத்த விதி இது. அழைப்பு வரும், இணையம் ஓடும், ஓடிபி மட்டும் வராது. இது தெரியாமல் போனைக் குறை சொல்லி ரீசெட் செய்தவர்கள் நிறைய. இரண்டு நாள் என்று சொன்னது இதற்காகத்தான். காஸ் புக்கிங், வங்கி வேலை, ரயில் டிக்கெட் எதையும் அந்த ஒரு நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனத்தையும் மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடியுங்கள்: 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றி 7 நாள் ஆகும்வரை வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது.

பழைய சிம்மைக் கேட்டு வாங்கி வாருங்கள். சேவை நின்றாலும் அதிலுள்ள பெயர்ப் பட்டியல் அப்படியே இருக்கும். பழைய போனில் போட்டுப் படிக்கலாம்.

தட்டைத் திறக்கும் ஊசியைக் குத்தும் முன் ஓட்டை எது என்று பாருங்கள். தட்டின் கோட்டோடு ஒட்டி இருப்பதுதான் சிம் ஓட்டை. தனியாக, பெரும்பாலும் அடிப்பக்கத்திலோ மேல்பக்கத்திலோ இருப்பது மைக். அதில் ஊசியை அழுத்திவிட்டால் "நீ பேசுறது கேக்கல" என்று எதிர்முனை சொல்லும். புது போன் முதல் நாளே சர்வீஸுக்குப் போகும்.

நானோ சிம்மைத் திரும்பப் பட்டன் போனில் போட அடாப்டர் சட்டம் 10, 20 ரூபாய்க்குக் கிடைக்கும். சிம் இல்லாத வெற்றுச் சட்டத்தை மட்டும் உள்ளே தள்ளாதீர்கள். பின்கள் அந்த ஓட்டைக்குள் எழும்பி நிற்கும், இழுத்தால் வளைந்துவிடும்.

விரல்

பட்டன் போன்காரரின் விரல் கண் இல்லாமலே வேலை செய்யும். 5-இன் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். கட்டைவிரல் அதில் நின்றால் சுற்றியுள்ள எட்டும் எங்கே என்று அதற்குத் தெரியும். டச் போனில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அதோடு, பட்டனை அழுத்திப் பழகிய விரல் கண்ணாடியையும் அழுத்துகிறது. முக்கால்வாசிக் கோளாறு இந்த அழுத்தத்திலிருந்துதான் வருகிறது.

கண்ணாடிக்குக் கீழே மின்கம்பி வலை மாதிரி ஓர் அடுக்கு இருக்கிறது. விரல் நெருங்கினால் அதிலுள்ள மின்னூட்டம் கொஞ்சம் மாறும், அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது. பலத்துக்கு அங்கே மதிப்பே இல்லை. நகத்தால் தொட்டால் ஒன்றும் நடக்காது. வயலிலும் சிமெண்டிலும் காய்த்துப்போன விரல் நுனியும் சரியாகப் படாது. ஈரக்கை என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு விரல்தான். அதனால் முதல் பாடம்: நுனியைச் செங்குத்தாகக் குத்தாமல், விரலின் சதைப்பகுதியை வைத்து எடுப்பது. சாம்சங்கில் திரை அமைப்பில் தொடு உணர்திறனைக் கூட்டும் ஒரு விசை இருக்கிறது. டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியிருந்தாலும் விரல் காய்ப்பேறியிருந்தாலும் அதைப் போட்டுவிடுங்கள்.

சார்ஜ் ஏறும்போது மட்டும் திரை தானாகத் துள்ளினால் போனில் குறையில்லை. மலிவான சார்ஜர் கிளப்பும் மின்இரைச்சலை அந்த வலை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

அழுத்திப் பிடிப்பதுதான் அடுத்த தொல்லை. சுமார் அரை வினாடி விரல் நின்றாலே ஆண்ட்ராய்டு அதை "நீண்ட அழுத்தம்" என்று எடுத்துக்கொள்ளும். முகப்பில் போன் செயலியின் படத்தைத் தொட்டு யோசிக்கிறவருக்கு அந்தப் படம் கையோடு கிளம்பி எங்கோ போய் உட்காரும், அல்லது நீக்கவா என்று கேட்கும். அணுகல்தன்மை (Accessibility) அமைப்பில் தொட்டுப் பிடிக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. அதை 1 வினாடிக்கோ 1.5 வினாடிக்கோ மாற்றுங்கள். சாம்சங்கில் கை நடுங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு உண்டு: தட்டு எவ்வளவு நேரம் நீடித்தால் கணக்கு, அடுத்தடுத்த தட்டுகளைப் புறக்கணி. முகப்பின் அமைப்பைப் பூட்டும் விசையையும் போட்டுவிட்டால் படங்கள் இடம் மாறாது.

எழுத்தளவு, காட்சியளவு இரண்டும் வேறு வேறு. பாசத்தில் இரண்டையும் கடைசிப் புள்ளிவரை இழுத்துவிட்டால் சில செயலிகளில் "சரி" பொத்தான் திரைக்குக் கீழே போய் மறைந்துவிடும், அனுப்பவே வழியிருக்காது. எழுத்தை உச்சத்துக்கு ஒரு படி குறைவாகவும், காட்சியளவை நடுவிலிருந்து ஒரு படி கூடுதலாகவும் வைப்பது பெரும்பாலும் சரியாக வரும். திரை அணையும் நேரம் 30 வினாடி என்று இருக்கும், 2 நிமிடமாக்குங்கள். தானாகத் திரும்பும் வசதியை நிறுத்துங்கள். திரையைத் தள்ளிப் பின்னால் போகும் சைகை முறையை விட்டு, கீழே மூன்று பொத்தான் வரும் முறைக்கு மாற்றுங்கள். எங்கே மாட்டிக்கொண்டாலும் வெளியே வர ஒரு பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே பெரிய தைரியம்.

பழகுவதற்குக் கால்குலேட்டரைக் கொடுக்கிறார்கள். வேண்டாம். அதில் 7, 8, 9 மேலே; போனில் 1, 2, 3 மேலே. எண் அட்டையையே திறந்து, மனப்பாடமாகத் தெரிந்த நான்கு எண்களை அடித்து அடித்து அழிக்கச் சொல்லுங்கள்.

எடுப்பதும் வைப்பதும்

பச்சை, சிவப்பு இரண்டு பட்டன் செய்த வேலைக்கு டச் போனில் பல முகம். திரை அணைந்திருக்கும்போது அழைப்பு வந்தால் முழுத்திரையில் வரும். பல போன்களில் வட்டத்தை இழுக்க வேண்டும். அதே அழைப்பு, திரையில் வேறெதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தால், மேலே சின்னப் பட்டையாக வரும். அங்கே தட்டினால் போதும். நேற்று இழுத்துப் பழகியவர் இன்று பட்டையை இழுத்து அதை ஓரங்கட்டிவிட்டு, மணி மட்டும் அடிக்கிறதே என்று நிற்பார். பெரியவர்களுக்கு மறதி என்று இதைச் சொல்வது அநியாயம். போன்தான் ஒரே வேலையை இரண்டு விதமாகக் காட்டுகிறது.

சாம்சங்கில் போன் அமைப்பில் எப்போதும் முழுத்திரையில் வரும்படி வைக்கலாம். அங்கேயே, ஒலியைக் கூட்டும் பட்டனை அமுக்கினால் அழைப்பை எடுக்கும் வசதியும், பக்கப் பட்டனால் துண்டிக்கும் வசதியும் இருக்கின்றன. பட்டன் போனிலிருந்து வருகிறவருக்கு இதைவிட உபயோகமான அமைப்பு வேறில்லை. பச்சையும் சிவப்பும் விளிம்புக்கு இடம் மாறியது மாதிரி. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனால் துண்டிப்பது மட்டும் அணுகல்தன்மைப் பகுதியில் கிடைக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: பேசும்போது போனை இறுக்கிப் பிடிக்கிறவரின் பெருவிரல் அதே பட்டனில் போய் உட்கார்ந்து அழைப்பை அறுத்துவிடும். பட்டன் இருக்கும் பக்கம் கொஞ்சம் எழும்பிய விளிம்புள்ள ரப்பர் கவர் போட்டால் குறையும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று வந்தால் பெரும்பாலும் கன்னம் மியூட்டைத் தட்டியிருக்கும். காதருகே போனதும் திரையை அணைக்க மேலே ஒரு சென்சார் இருக்கிறது. கிளாஸ் கோணலாக ஒட்டப்பட்டு அதன் கறுப்பு விளிம்பு சென்சாரை மறைத்தாலோ, எண்ணெய் படிந்தாலோ அது தடுமாறும். கையிலும் ஒரு பழக்கம் மாற வேண்டும்: பட்டன் போனை எப்படி வைத்தாலும் காதுக்கும் வாய்க்கும் எட்டும். டச் போன் நீளம். நடுப்பகுதியைக் காதில் வைத்தால் சத்தம் கேட்காது, சென்சாரும் காதைப் பார்க்காது. மேல் விளிம்பு காதின் மேல் வர வேண்டும்.

2-ஐ அமுக்கிப் பிடித்தால் மகளுக்குப் போகும் பழக்கத்துக்கு, முகப்பின் வெற்றிடத்தில் விரலை வைத்து விட்ஜெட் பட்டியலில் காண்டாக்ட்ஸ் பகுதியின் நேரடி டயல் என்பதை எடுத்து வையுங்கள். முகம் தெரியும் படம், ஒரு தட்டில் அழைப்பு. நான்கு முகம் போதும்.

எழுத்து

தமிழில் எழுதிப் பழகியவர்களைத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறைக்குக் கொண்டுபோங்கள். செல்லினம் செயலியில் இது உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், பட்டன் போன் காலத்தில் தமிழ்க் குறுஞ்செய்திக்காக 2005-இல் வந்தது. டச் போனுக்கும் கூடவே வந்துவிட்டது. தமிழ்99-இல் மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குத் தானே புள்ளி விழும். அப்பா என்பதற்கு அ, ப, ப, ஆ: நான்கே தட்டு. ந-வுக்குப் பின் த, ங-வுக்குப் பின் க போன்ற இணைகளுக்கும் புள்ளி தானாக வரும். தடுக்கும் இடம் "பப்பாளி" மாதிரிச் சொற்கள். நேராக ப, ப, ப என்று போனால் புள்ளி தப்பான ப-வில் விழும். முதல் ப-வுக்குப் பின் அ அடித்து நிறுத்திவிட்டுத் தொடர வேண்டும்.

ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் முறை இளையவர்களுக்குச் சுலபம். ஆனால் ல, ள, ழ எல்லாம் அகராதியின் ஊகம்தான். வள்ளி வல்லியாவாள். பெயர்களில் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தே தெரியாதவருக்கு கூகுளின் எழுத்துப் பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்துப் பலகை இருக்கிறது. விரலால் எழுதினால் எழுத்தாகும். மைக்கைத் தொட்டுப் பேசியும் எழுதலாம். ஊர்ப் பெயரையும் வட்டார வழக்கையும் மட்டும் திருத்த வேண்டியிருக்கும்.

அழிக்கும்போது ஒரு குழப்பம் வரும். கண்ணுக்கு "கொ" ஓர் எழுத்து. போனுக்கு க-வும் ஒகரக் குறியும் என இரண்டு. ஒரு முறை அழித்தால் குறி போய் க நிற்கும். "அழிக்கச் சொன்னா வேற எழுத்து வருது" என்ற புகார் இதுதான். இன்னொரு முறை அழித்தால் போய்விடும். எஸ்எம்எஸ் காசும் இந்தக் கணக்கில்தான். ஆங்கிலத்தில் 160 எழுத்துக்கு ஒரு செய்தி என்றால், தமிழில் 70 குறிக்கு ஒன்று. "நாளை காலை பத்து மணிக்கு வருகிறேன்" என்பது இடைவெளியோடு கண்ணுக்கு 20. போனின் கணக்கில் 33. இப்படி இரண்டு வாக்கியம் எழுதினாலே ஒரு செய்தி நிரம்பிவிடும்.

முழு எழுத்துப் பலகை வைத்த பிளாக்பெர்ரி வகைப் போனிலிருந்து வருகிறவர்களின் பாடு வேறு. (பிளாக்பெர்ரியின் பழைய மென்பொருளுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-இல் நின்றன.) அவர்களுக்கு வேகம்தான் குறையும். பலகையின் உயரத்தைக் கூட்டி, எண் வரிசையை மேலே நிறுத்தி, தானே திருத்துவதை அணைத்துவிட்டுப் பரிந்துரையை மட்டும் விட்டுவையுங்கள். இடைவெளிப் பட்டையில் விரலை இடவலமாக நகர்த்தினால் கர்சர் நகரும். அம்புக்குறிப் பட்டனின் இடத்தை அது நிரப்பும்.

இரண்டாம் நாள்

எஸ்எம்எஸ் திரும்பிய பிறகு வாட்ஸ்அப், அதன் பின் யுபிஐ. யுபிஐ செயலி போனைச் சரிபார்க்க உங்கள் எண்ணிலிருந்து தானே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். எஸ்எம்எஸ் இல்லாத ரீசார்ஜ் திட்டத்தில் இருந்தால் இங்கேதான் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு சிம் போனில் வங்கியில் பதிந்த எண் எந்த இடத்தில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. திரைப் பூட்டுக்கு நான்கிலக்கப் பின் போதும். விரல்ரேகையும் வைக்கலாம், ரேகை தேய்ந்த கைக்கு ஒரே விரலை இரண்டு தடவை பதிந்து பாருங்கள்.

பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். சிம் இல்லாமலும் அது டார்ச், அலாரம். பழைய நோக்கியாக்களில் போனை அணைத்தாலும் காலை நாலரைக்கு அலாரம் அடிக்கும். பெரும்பாலான டச் போன்கள் அணைந்திருந்தால் அடிக்காது. சார்ஜ் பழக்கமும் இங்கேதான் ஏமாற்றும். 1,020 எம்ஏஎச் பேட்டரி பல நாள் தாங்கியதைப் பார்த்தவர், 5,000 எம்ஏஎச் என்றதும் மாதக்கணக்கில் வரும் என்று நினைப்பார். திரையும் இணையமும் தின்றுவிடும், ஒன்றிரண்டு நாள்தான். அதனால் முதல் இரண்டு வாரம் அலாரத்தைப் பழைய போனிலேயே விட்டுவையுங்கள்.

எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். மேசையில் படுக்கவைத்துச் சுண்டினால் பம்பரமாகச் சுற்றும் பேட்டரி ஊதிவிட்டது என்று பொருள். அதைத் திரும்ப மாட்டாதீர்கள், குத்தவும் வேண்டாம்.